பூனையும் தெள்ளுப்பூச்சியும்

கல்லூரி மலரொன்றில் காவிய நயத்தையோ, வான சாஸ்திரத்தின் விந்தையையோ, தேச சரித்திரத்தையோ குறித்து எழுதுதல் வழக்கம். பூனையின் மேல் ஊரும் ஓர் அற்பப் பூச்சியைக் குறித்து எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், அவ்வற்பப் பூச்சியைப் பற்றிப் பரீட்சைக்காகப் படித்திருந்தும், அது என் வீட்டிலேயே குடிபுகுந்த காலத்து அதனை அறியாது போனேன். அவ்வறியாமைக்கு ஓர் உயிர் பலியாயிற்று. அந்த அனுபவமே இக்கட்டுரைக்குக் காரணம்.

யான் வசிப்பது ராயபுரத்தில். 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் பிரயாணிகள் ரயில் புறப்பட்ட நிலையம் இன்றும் நிற்கும் ஊர் அது. ஒருபுறம் கப்பல் துறைமுகமும், மற்றொருபுறம் காசிமேட்டு மீன்பிடி துறைமுகமும் உள்ளன. பண்டகசாலைகள் உள்ள இடத்தில் எலி உண்டு. எலியும் மீனும் உள்ள இடத்தில் பூனை உண்டு. அவ்வாறு மீன் துறைமுகத்தின் பக்கமிருந்து வந்த சாம்பல் நிறப் பூனையொன்று, எங்கள் பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில் கிடந்த கோணிச் சாக்கின்மேல் மூன்று குட்டிகளை ஈன்றது. மழைக்காலம் கழிந்த சமயம் அது. குட்டிகள் கண் திறந்து ஓடி விளையாடத் தொடங்கின. ஐந்தாம் வாரத்தில் அவற்றின் விளையாட்டு ஓய்ந்தது. உடலைச் சொறிவதும், ஓரிடத்தில் முடங்கிக் கிடப்பதுமாக இருந்தன.

என் பாட்டியார் ஒரு குட்டியைத் தூக்கி உதட்டை விலக்கிப் பார்த்து, "தம்பி, இதன் ஈறு சுண்ணாம்பைப் போல் வெளுத்திருக்கிறதே, பார்த்தாயா?" என்றார். யான் பார்த்தேன், அதன் பொருளை உணர்ந்தேனில்லை. விலங்கியல் மாணவனாகிய யான் உணராததை எழுத்தறியாத பாட்டியார் உணர்ந்தார்.

தெள்ளின் உருவம்

தெள்ளினை நம்மவர் பலர் உண்ணியென்றும் பேனென்றும் மயங்குவர். உண்ணி எட்டுக் கால்களையுடையது. சிலந்தியின் இனத்தைச் சேர்ந்தது. தோலைக் கவ்வி ஓரிடத்திலேயே பருத்துக் கிடப்பது. பேனுக்குக் கால்கள் ஆறு. ஆயினும் அது குதிக்க மாட்டாது. தெள்ளோ ஆறு கால்களையுடையது, சிறகற்றது, கரும்பழுப்பு நிறத்தது, எள்ளினும் சிறியது. அதன் உடல் இருபுறமும் அழுத்தப்பட்டாற்போல் தட்டையாக இருத்தலின், உரோமங்களின் இடையே மீனைப்போல் வழுக்கி ஓடும். உடலின்மேலுள்ள முட்கள் பின்னோக்கிச் சாய்ந்திருத்தலால் பூனை நக்கினும் சொறிந்தும் அது எளிதில் விழுவதில்லை. பின்னங்கால்களின் அடியில் 'ரெசிலின்' என்னும் மிருதுவான புரதப்பொருள் வில்லின் நாண்போல் அழுந்தியிருந்து, விடுபடுங்கால் அதனை ஏறத்தாழ அரை அடி உயரம்வரை எறிய வல்லது. ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள பிராணிக்கு இஃது எத்துணைப் பெரிய பாய்ச்சல் என்பதைக் கணக்கிட்டு அறிக.

பூனைத் தெள்ளுக்கு விலங்கியலார் இட்ட பெயர் 'க்டெனோசெபாலைடிஸ் ஃபெலிஸ்' என்பது. பெயர் பூனையினதாயினும், அது நாயையும் மனிதனையும் விலக்குவதில்லை. நம் நாட்டு நாய்களிடத்தும் ஆடுகளிடத்தும் 'ஓரியென்டிஸ்' என்னும் நெருங்கிய உறவுடைய வகை காணப்படுகிறது.

தெள்ளினை நேரிற் காண்பது அரிது. அதன் அடையாளத்தைக் காண்பது எளிது. பூனையின் வாலடியிலும் கழுத்திலும் உரோமத்தை விலக்கிப் பார்ப்பின், மிளகுத் தூளைப்போன்ற கருந்துகள்கள் தென்படும். அவற்றை நனைந்த வெள்ளைத் துணியின்மேல் உதிர்த்தால், சற்று நேரத்திற்குள் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செந்நிறம் பரவும். அத்துகள் வேறொன்றுமன்று, தெள்ளுண்டு கழித்த பூனையின் இரத்தமே. இந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. இதனை அன்றே செய்திருப்பேனாயின், இக்கட்டுரை வேறு விதமாக முடிந்திருக்கும்.

பிறப்பும் வளர்ச்சியும்

தெள்ளினை ஒழிக்க விரும்புவோர் முதலில் அறியவேண்டுவது அதன் வாழ்க்கை முறையே. பூனையின் மேலேறிய பெண் தெள்ளு, இரத்தம் பருகிய ஓரிரு நாட்களில் முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முட்டைகள் வரையும் இடும். இம்முட்டைகள் பேனின் ஈரைப்போல் உரோமத்தில் ஒட்டிக்கொள்பவை அல்ல. வெண்மணல்போல் வழுக்கி உதிர்பவை. ஆதலின், பூனை படுக்கும் இடமெல்லாம், நடக்கும் இடமெல்லாம் முட்டை விதைக்கப்படுகின்றது எனலாம். பத்துப் பெண் தெள்ளுகள் நாளொன்றுக்கு நாற்பது வீதம் இடின், ஒரு வாரத்தில் 2,800 முட்டைகள் வீட்டின் தரையில் சேரும்.

சில நாட்களில் முட்டையினின்று புழு வெளிப்படும். அது காலும் கண்ணும் அற்றது; வெளிச்சத்தை வெறுத்து, தரைப் பிளவுகளிலும், பாயின் அடியிலும், சாக்கின் மடிப்பிலும் புகுந்து ஒளியும். அதற்கு உணவு யாது? மேலே கூறிய கருந்துகளே. தாய்த்தெள்ளு தனக்கு வேண்டிய அளவினும் மிகுதியாக இரத்தத்தை உண்டு, அதிற் பெரும்பகுதியை அரைகுறையாகச் செரித்துக் கழிப்பது குழவிக்கு உணவாதற்பொருட்டே போலும்! முட்டையும் உணவும் ஒரே பூனையினின்று ஒரே இடத்தில் உதிர்கின்றன.

ஏறத்தாழ ஒரு வாரத்தில் புழு பட்டுக்கூடு நூற்றுக்கொள்ளும். அக்கூட்டின் பசையில் மண்ணும் தூசும் ஒட்டிக்கொள்ளுதலால் அதனைக் கண்ணாற் பிரித்தறிதல் அரிது. மருந்துகளும் அதனுட் புகுதல் அரிது. உள்ளிருக்கும் தெள்ளு முழு வளர்ச்சி பெற்றும், ஏற்ற காலம் வரும்வரை மாதக்கணக்கில் வெளிவராமல் காத்திருக்க வல்லது. தரை அதிர்தல், உடலின் வெம்மை, சுவாசத்தின் கரியமிலவாயு ஆகியவை அதற்கு அழைப்பாகும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே நுழைந்தவர் காலில் தெள்ளுகள் கூட்டமாகப் பாய்வதன் இரகசியம் இதுவே. 'ஆளில்லாத வீட்டில் தெள்ளு எப்படி உண்டாயிற்று?' என வியப்பவர்க்கு இதுவே விடை.

இதனின்று பெறப்படும் உண்மை ஒன்று. பூனையின் உடலிற் காணப்படும் தெள்ளுகள், வீட்டிலுள்ள தெள்ளுக் குலத்தின் மிகச் சிறிய பகுதியே. எஞ்சியவை முட்டையாகவும், புழுவாகவும், கூடாகவும் தரையில் உள்ளன. பூனையை மட்டும் கழுவிவிட்டுத் தரையை மறப்பவன், கிணற்று நீரை இறைத்துவிட்டு ஊற்றை மறப்பவனை ஒப்பான்.

நம் கடற்கரையின் காற்றும் தெள்ளுக்குத் துணை செய்கிறது. ஈரமற்ற இடத்திலும், முப்பத்தைந்து பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் அதன் புழு உயிர் வாழாது. குளிர்நாடுகளில் உறைபனிக் காலம் அதன் பெருக்கத்தைத் தடுக்கும். ராயபுரத்திலோ உறைபனியும் இல்லை. ஈரமற்ற காற்றும் இல்லை. நிழல் சூழ்ந்த பின்கட்டும், பிளவுபட்ட தரையும், பழஞ்சாக்கும் இருப்பின், ஆண்டு முழுவதும் தெள்ளுக்கு அறுவடைக் காலமே.

விளையும் கேடுகள்

தெள்ளுக்கடி வெறும் அரிப்பு என்று எண்ணுதல் தவறு. பெண் தெள்ளு ஒன்று நாள்தோறும் தன் எடையைப்போல் ஏறத்தாழப் பதினைந்து மடங்கு இரத்தத்தைப் பருகும் என்றும், எழுபத்திரண்டு தெள்ளுகள் கூடின் நாளொன்றுக்கு ஒரு மில்லிலிட்டர் இரத்தம் போகும் என்றும் ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். அரைக் கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் உள்ள இரத்தம் முழுவதும் ஏறத்தாழ முப்பது மில்லிலிட்டரே. நாள்தோறும் முப்பதில் ஒரு பங்கை இழக்கும் குட்டி எத்தனை நாள் தாங்கும்? ஈறு வெளுத்ததன் காரணம் இப்பொழுது விளங்கும். வளர்ந்த பூனைக்கு அரிப்பாக முடிவது, குட்டிக்கு மரணமாக முடியலாம்.

இரண்டாவது கேடு நாடாப்புழு. அதன் முட்டைகளைத் தெள்ளின் புழு தின்னும். தெள்ளு வளர்ந்தபின் பூனை அதனை நக்கி விழுங்கும். பூனையின் குடலில் நாடாப்புழு வளரும். பூனையின் வாலடியில் வெள்ளரி விதைபோல், காய்ந்தபின் அரிசிபோல் காணப்படுவன அப்புழுவின் துண்டுகளே. பூனையோடு விளையாடும் சிறு குழந்தை தவறித் தெள்ளை விழுங்கினும் இது நேரும். மூன்றாவதாக, தெள்ளின் கழிவு பூனையின் நகத்திற் படிந்து, பூனை கீறிய இடத்தின் வழியாக மனிதனுக்கு நெறிக்கட்டும் காய்ச்சலும் உண்டாக்கும் 'பார்டொனெல்லா' என்னும் கிருமியைச் சேர்ப்பதுண்டு.

தெள்ளு என்றவுடன் பிளேக் நோயை நினைப்பவர் உளர். அந்நோய்க்கும் தெள்ளுக்கும் உள்ள தொடர்பு வெளியானதில் ஒரு பூனைக்கும் பங்குண்டு என்பது பலர் அறியாத செய்தி. 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக் பல்லாயிரவரை மாய்த்தது. 1898-ஆம் ஆண்டில் கராச்சியில் தங்கியிருந்த பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர், நோயுற்ற எலியொன்றைக் கண்ணாடிச் சாடியில் இட்டார். தெள்ளு மிகுதியாக வேண்டியிருந்தமையால், தாம் தங்கிய விடுதியைச் சுற்றித் திரிந்த பூனையொன்றின் உடலினின்றும் தெள்ளுகளை எடுத்துச் சேர்த்தார். பின்னர், நோயற்ற எலியொன்றைக் கம்பிக்கூண்டில் இட்டு, முதல் எலியைத் தொடாதவாறு மேலே தொங்கவிட்டார். சில நாட்களில் அதுவும் பிளேக்கினால் மாண்டது. இரண்டிற்கும் இடையே பாய்ந்து சென்றது தெள்ளு ஒன்றே. அக்காலத்து அறிஞர் பலர் இதனை உடனே ஏற்றாரில்லை. 1905-க்குப் பின் பம்பாயில் நடந்த விரிவான ஆராய்ச்சிகளே இதனை நிலைநாட்டின.

பம்பாயைப்போல் துறைமுகமும் எலியும் மிகுந்த சென்னை அப்பேரழிவினின்று பெரிதும் தப்பியது எவ்வாறு? கொழும்பில் பணியாற்றிய ஹர்ஸ்ட் என்னும் வைத்தியர் இதற்கு ஒரு காரணம் காட்டினார். பிளேக்கை வேகமாகப் பரப்புவது 'கியோபிஸ்' என்னும் எலித்தெள்ளு. கொழும்பிலும் சென்னையிலும் எலிகளிடத்து மிகுந்திருந்ததோ 'அஸ்தியா' என்னும் வேறு வகை. அது அந்நோயைப் பரப்புதலில் திறம் குறைந்தது. கண்ணுக்குத் தோற்றம் ஒன்றேயாயினும் வகை வேறுபாட்டால் ஒரு நகரின் விதி மாறிற்று. பூனைத் தெள்ளோ இவ்விரண்டினும் வேறு. பிளேக்கைப் பரப்புதலில் வலியற்றது. ஆதலின் பூனை வளர்ப்போர் அந்நோயை எண்ணி நடுங்கவேண்டுவதில்லை.

யான் செய்த பிழை

இனி என் பிழையைக் கூறுவேன். குட்டியின் உடலில் பூச்சியோடுவதைக் கண்டதும், கடைத்தெருவுக்கு ஓடி, நாய்களுக்குத் தூவும் பூச்சிப்பொடி ஒன்றை வாங்கி வந்தேன். 'நாய்க்கு ஆவது பூனைக்கு ஆகாதா?' என்பது என் தர்க்கம். பொட்டலத்தின்மேல் எழுதியிருந்ததைப் படித்தேனில்லை. மூன்றிலும் மெலிந்திருந்த குட்டிக்கு முதலில் தூவினேன். அந்தி மயங்குமுன் அது வாயில் நுரை தள்ளி நடுங்கத் தொடங்கியது. இரவெல்லாம் வலிப்புக் கண்டது. விடியுமுன் என் மடியில் மாண்டது.

காலையில் தாய்ப்பூனையையும் எஞ்சிய குட்டிகளையும் கூடையிலிட்டுக் கால்நடை வைத்தியரிடம் சென்றேன். பொட்டலத்தைப் பார்த்த அவர், கடிந்து பேசாமல், "இதில் இருப்பது பெர்மெத்ரின். நாயின் கல்லீரல் இதனைச் சிதைத்து வெளியேற்றும், பூனையின் கல்லீரலுக்கு அத்திறம் போதாது, தம்பி" என்றார். பெர்மெத்ரின் என்பது, சாமந்தி இனத்துப் பூவொன்றில் இயற்கையாக உள்ள நஞ்சைப் பின்பற்றி இரசாயனர் ஆக்கிய பொருள். நாய் தாங்கும் அளவு பூனையைக் கொல்லும்.

இதனோடு பிறவற்றையும் கூறுதல் தகும். மண்ணெண்ணெய் பூசுதல், பினாயில் கலந்த நீரில் குளிப்பாட்டுதல், கற்பூரமும் வாசனைத் தைலங்களும் தேய்த்தல், பூண்டு அரைத்து ஊட்டுதல் ஆகியவை சில வீடுகளில் வழங்குகின்றன. இவை யாவும் பூனைக்குத் தீங்கே. நாய் பெரும்பாலும் தன் உடலை நக்காது; பூனையோ விழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி தன் உரோமத்தை நக்கிக்கொள்ளும். ஆதலின், பூனையின் மேல் பூசுவது எதுவாயினும் அது பூனையின் வயிற்றிற் செல்லும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

செய்யவேண்டுவன

வைத்தியர் கூறியவாறு யாங்கள் செய்தவற்றை முறையாகத் தருகின்றேன்.

முதலாவது, குட்டிகள். மிகவும் இளைய குட்டிக்கு எல்லா மருந்தும் ஏலாது. வெதுவெதுப்பான நீரில் மெல்லிய சோப்பினால் கழுவுதலும், நெருங்கிய பற்களையுடைய பேன்சீப்பினால் வாருதலுமே முதல் உதவி. நீரைக் கண்டதும் தெள்ளுகள் தலையை நோக்கி ஓடும். ஆதலின், கழுத்தைச் சுற்றி முதலில் சோப்பு நுரையை வளையமாக இட்டுப் பின்னரே உடலை நனைத்தல் வேண்டும். இரத்தம் குறைந்த குட்டி குளிரைத் தாங்காது. ஆகவே விரைவில் துடைத்து, துணியிற் சுற்றி வெம்மையில் வைத்தல் அவசியம். சீப்பில் வந்த தெள்ளை நகத்தால் நசுக்க முயலாமல் சோப்பு நீரில் அமிழ்த்துக. வெறும் நீரின் மேற்பரப்பில் மிதந்து தப்பும் தெள்ளு, சோப்பு கலந்த நீரில் தாழ்ந்து மடியும். ஈறு வெளுத்த குட்டியை மட்டும் வீட்டில் வைத்துச் சோதனை செய்யாமல் அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். சில சமயம் வேறு பூனையின் இரத்தம் ஏற்றியே அதனைக் காக்க இயலும். வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி நம் நகரிலேயே இருப்பது நமக்கு ஒரு பேறு.

இரண்டாவது, வளர்ந்த பூனை. செலாமெக்டின், இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் முதலிய மருந்துகள் பூனைக்கென்றே தனியாகச் செய்யப்படுகின்றன. நாவுக்கு எட்டாத பிடரியில் உரோமத்தை விலக்கித் தோலின்மேல் துளியாக இடுவர். அளவு பூனையின் எடையையும் வயதையும் பொறுத்தது. ஆதலின் வைத்தியர் சொற்படியே இடுதல் வேண்டும். வீட்டிலுள்ள எல்லாப் பூனை நாய்களுக்கும், அவ்வவற்றிற்குரிய மருந்தை ஒரே நாளில் இடாவிடின், ஒன்றினின்று ஒழிந்தது மற்றொன்றினிடம் குடியேறும். நாடாப்புழுவுக்குத் தனி மருந்து உண்டு.

மூன்றாவது, வீடு. பூனை படுத்த சாக்கையும் துணியையும் கொதிநீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டோம். பயனற்ற சாக்குகளை எரித்தோம். பாய்களையும் அவ்வாறே வெயிலில் விரித்தோம். நாள்தோறும் மூலை முடுக்குகளைப் பெருக்கி, குப்பையை உறையிற் கட்டி அகற்றினோம். தரைப் பிளவுகளைச் சிமிட்டியினால் அடைத்தோம். பெருக்குதலின் அதிர்ச்சியே கூட்டிலுள்ள தெள்ளுகளை வெளியே அழைக்கும். வெளிவந்தவை மருந்திட்ட பூனையின்மேல் ஏறி மடியும். ஆதலின் அக்காலத்துப் பூனையை வீட்டைவிட்டு அகற்றுதல் நன்மையன்று.

நான்காவது, பொறுமை. இரவில் தாழ்ந்த விளக்கொன்றின் கீழ்ச் சோப்பு நீர்த் தட்டை வைத்து, வெப்பத்தை நாடி வந்து விழும் தெள்ளுகளைக் காலைதோறும் எண்ணி வந்தேன். இஃது ஒழிக்கும் வழியன்று, அளக்கும் வழி. முதல் வாரத்தில் எண்ணிக்கை குறைந்தது. யாவும் முடிந்தது என்று மகிழ்ந்திருக்கையில் மூன்றாம் வாரத்தில் மீண்டும் மிகுந்தது. 'மருந்து பயனற்றது' என்று சலித்தேன். அவை முன்னரே கூட்டிற் காத்திருந்தவை என்று வைத்தியர் விளக்கி, மாதத்திற்கு ஒருமுறையாகக் குறைந்தது மூன்று மாதங்களேனும் மருந்து இடவேண்டும் என்றார். பலர் இந்த மூன்றாம் வாரத்திலேயே முயற்சியைக் கைவிட்டுத் தோல்வியுறுகின்றனர். யாங்கள் கைவிடவில்லை. மூன்றாம் மாதத்தில் தட்டு வெறுமையாக இருந்தது.

எஞ்சிய இரு குட்டிகளும் பிழைத்தன. இன்று அவை எங்கள் கூரையின்மேல் ஓடித் திரிகின்றன; அவற்றின் ஈறு ரோஜா நிறமாக இருக்கிறதா என்று பாட்டியார் வாரந்தோறும் பார்க்கின்றார். மூன்றாவது குட்டியைப் பின்கட்டு முருங்கையின் அடியில் புதைத்தோம்.

தெள்ளின் வாழ்க்கைச் சக்கரத்தைப் படமாக எழுதிப் பரீட்சையில் யான் நல்ல எண்கள் பெற்றதுண்டு. அப்படத்தை என் வீட்டுச் சாக்கின் மடிப்போடு பொருத்திப் பார்க்க ஒரு குட்டியின் மரணம் வேண்டியிருந்தது. இதனை வாசிக்கும் மாணவ நண்பர்கள் எவரேனும், தம் வீட்டுப் பூனை அளவுக்கு மீறிச் சொறிவதைக் காண்பின், நனைந்த வெள்ளைத் துணியொன்றை எடுப்பாராக. பொட்டலத்தின்மேல் எழுதியிருப்பதை முழுதும் படிப்பாராக. அங்ஙனம் ஒரு குட்டியேனும் பிழைக்குமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றவனாவேன்.